பேசுவோர் பாடார்: பரோக் கால இங்கிலாந்தின் அரண்மனைப் பாடல்களும் நாடகப் பாடல்களும்

1. கேள்வி

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதும் இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு குறையைச் சொல்லியே தொடங்குகின்றன. இத்தாலியில் 1600ஐ ஒட்டி ஓபரா பிறந்தது. 1637இல் வெனிஸ் நகரில், கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கக்கூடிய ஓபரா அரங்கு திறந்தது. பிரான்சில் 1673 முதல் லுல்லி, முழுவதும் பாட்டால் நடக்கும் நாடகங்களை அரசனுக்காக ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக இயற்றினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஓபரா வேரூன்றவில்லை. ஏன் என்று கேட்டு, உள்நாட்டுப் போர், பியூரிட்டன்களின் வெறுப்பு, அரசனின் காலிக் கருவூலம், இசையமைப்பாளர் பர்செலின் அகால மரணம் என்று காரணம் சொல்வது வழக்கம்.

காரணங்கள் பொய்யல்ல, கேள்விதான் கோணல். இல்லாத ஒன்றைத் தேடுவதால் இருந்த ஒன்று கண்ணில் படாமல் போகிறது. 1600களின் தொடக்கத்திலிருந்து 1707 வரை இங்கிலாந்தின் அரண்மனையிலும் அரங்கிலும் ஓர் எழுதாத விதி நிலவியது: கதையை நடத்துபவர் பேசுவார், பாடுபவர் வேறொருவர். அரசன், வீரன், காதலி ஆகியோர் செய்யுளில் பேசினார்கள். பாடியவர்கள் ஆவிகள், பூசாரிகள், பித்துப் பிடித்தவர்கள், ஏவலர்கள், குடிகாரர்கள், கடலோடிகள். இந்தப் பிரிவினை இங்கிலாந்துப் பாடலுக்குக் கேடு செய்யவில்லை. அதற்கு வடிவம் கொடுத்ததே இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். கதைக்குள் நுழைந்து சில நிமிடங்களில் வெளியேற வேண்டிய பாட்டு, தன் உலகத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனாலேயே நாடகம் செத்த பிறகும் பாட்டு பிழைத்தது.

2. அரண்மனை

2.1 மாஸ்க்

முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்லஸ் ஆகியோரின் காலத்தில் அரண்மனையின் பெருங்கேளிக்கை மாஸ்க் எனப்பட்ட ஆடல்நாடகம். கிறிஸ்துமஸ் பருவத்திலோ அரச குடும்பத் திருமணத்திலோ நடக்கும். சொல் பென் ஜான்சனுடையது; காட்சியும் உடையும் இனிகோ ஜோன்ஸ் வடித்தவை. 1605இல் தொடங்கிய இந்தக் கூட்டு, சொல் பெரிதா காட்சி பெரிதா என்ற சண்டையில் பின்னாளில் முறிந்தது. இசை பெரிதா என்று அவர்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இளைய அல்ஃபோன்சோ ஃபெராபோஸ்கோ ஜான்சனின் மாஸ்க்குகளுக்குப் பாட்டு இசைத்தார். அவற்றுள் சில 1609இல் அவர் வெளியிட்ட தொகுதியில் உள்ளன.

மாஸ்க்கின் நடைமுறை நம் விதியை அப்பட்டமாகக் காட்டுகிறது. முகமூடியணிந்து மேடையேறி ஆடியவர்கள் அரசியும் பிரபுக்களும். அவர்கள் வாய் திறப்பதில்லை. பேசுவதும் பாடுவதும் கூலிக்கு வந்த நடிகர்கள், அரண்மனை இசைஞர்கள் வேலை. உயர்குடிப் பெண் மேடையில் வாய்திறந்து பாடுவது தகுதிக்குக் குறைவு; ஆடலாம், தன் எழிலைக் காட்டலாம், அவ்வளவே. பாட்டு ஊழியம், மௌனம் மேன்மை. இந்தக் குலப் பிரிவுதான் பின்னர் பொது அரங்குக்கும் இறங்கி வந்தது என்று கருதுகிறேன்.

1617இன் ஒரு மாஸ்க்கைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. அது முழுவதும் இத்தாலிய முறையில் பேச்சொட்டிய பாட்டாகவே நிகழ்ந்தது என்றும், இசைத்தவர் நிக்கோலஸ் லனியர் என்றும் ஜான்சனின் 1640ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. இசை கிடைக்கவில்லை. 1617இல் அச்சான முதல் பதிப்பில் அந்தக் குறிப்பே இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சேர்ந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஆங்கில ஓபராவின் பிறந்தநாளைக் குறிப்பது சரியாகாது. லனியர் திறமைசாலி, அரசனின் இசைத் தலைவர் பதவியை முதலில் வகித்தவர், இத்தாலிக்குச் சென்று சார்லஸுக்கு மான்டுவா பிரபுக்களின் ஓவியங்களை வாங்கித் தந்தவரும் அவரே. நாயகி ஹீரோ, கடலில் மூழ்கிய லியாண்டருக்காகப் புலம்பும் அவருடைய நீண்ட தனிப்பாடல் இத்தாலிய முறையை அவர் நன்றாகக் கற்றிருந்ததைக் காட்டுகிறது. ஆனால் அது மேடைப் பாட்டன்று, அறைக்குள் கேட்டது.

மாஸ்க்கின் செலவுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞர் 1633இல் நாடகங்களையும் நடிக்கும் பெண்களையும் திட்டி ஒரு கொழுத்த நூல் வெளியிட்டார். நடிப்பில் விருப்பமுள்ள அரசியைக் குறிவைத்தது என்று அரண்மனை கொதித்தது. தங்கள் கூட்டத்தவன் செய்த பிழையைக் கழுவ, லண்டனின் நான்கு சட்டக் கழகங்களும் சேர்ந்து 1634 பிப்ரவரியில் அரசனுக்கு ஒரு மாஸ்க் நடத்தின. ஜேம்ஸ் ஷெர்லி எழுதினார். வில்லியம் லாஸும் சைமன் ஐவ்ஸும் இசைத்தார்கள். இசைப் பொறுப்பேற்ற புல்ஸ்ட்ரோட் விட்லாக்கின் கணக்குப்படி மொத்தச் செலவு 21,000 பவுண்டுக்கு மேல். இசைக்கு மட்டும் ஏறத்தாழ 1000. ஒரே ஒரு மாஸ்க்குக்கு இது. வில்லியம் லாஸ் 1645இல் செஸ்டர் முற்றுகையின்போது அரசன் தரப்பில் நின்று சுடப்பட்டு இறந்தார்.

2.2 ஹென்றி லாஸ்: பேச்சின் தாளம்

வில்லியமின் அண்ணன் ஹென்றி லாஸ் (1596–1662) இந்தக் காலத்தின் தலையாய பாட்டுக்காரர். அவர் கைப்படவே எழுதிய ஏட்டில் 300க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவருடைய பாடல்களில் தாளில் இருப்பவை இரண்டே வரிகள்: மேலே குரல், கீழே அடிக்குரல் வரி. இடையிலுள்ள சுரக்கூட்டுகளை தியோர்போ என்னும் நீண்ட கழுத்து லூட் வாசிப்பவர் அவ்வப்போது கையால் நிரப்பிக்கொள்வார். எலிசபெத் காலத்து லூட் பாட்டில் ஒவ்வொரு நரம்பின் ஒலியும் எழுதப்பட்டிருந்தது. துணைக்கருவி குரலோடு பின்னிப் பிணைந்து ஓடியது. இப்போது கருவி பின்னுக்குத் தள்ளப்பட்டுக் குரல் தனியே நின்றது. தனியே நிற்கும் குரல் சொல்லைச் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

லாஸின் திறமை அங்கே இருந்தது. செய்யுளின் அசையழுத்தத்தை அவர் பாட்டின் குறில் நெடிலாக மாற்றினார். வாக்கியம் நிற்கும் இடத்தில் இசையும் நின்றது. மில்டன் 1646இல் ஒரு பதினான்கடிப் பாடல் எழுதி அவரை மெச்சியது இந்த ஒழுங்குக்காகவே. 1770களில் இசை வரலாறு எழுதத் தொடங்கிய சார்லஸ் பர்னிக்கோ லாஸைப் பிடிக்கவில்லை. அது பேச்சுமில்லை, மெட்டுமில்லை என்பது அவர் முறையீடு. பர்னி சொன்ன குணம் உண்மை. குறை என்றதுதான் தவறு. பேச்சுக்கும் மெட்டுக்கும் நடுவிலிருந்த அந்த நிலத்தைத்தான் பின்னர் பர்செல் உழுதார்.

1634 செப்டம்பர் 29 அன்று வேல்ஸ் எல்லையிலுள்ள லட்லோ கோட்டையில் மில்டனின் மாஸ்க் நடந்தது. பின்னாளில் அதற்கு ‘கோமஸ்’ என்ற பெயர் நிலைத்தது. வேல்ஸ் ஆட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் பிள்ளைகள் மூவர் நடித்தார்கள். அவர்களின் பாட்டு வாத்தியார் லாஸ். காவல் ஆவியாக வேடமிட்டுப் பாடியவரும் அவரே. ஐந்து பாடல்கள் எஞ்சியுள்ளன. விதி இங்கே ஓரிடத்தில் நெகிழ்கிறது: காட்டில் வழிதவறிய பதினைந்து வயது ஆலிஸ், எதிரொலியை அழைத்துத் தானே பாடுகிறாள். அரசவைக்கு வெளியே, தந்தையின் கூடத்தில், வாத்தியார் அருகிருக்க ஒரு பிரபுவின் மகள் பாடலாம்போலும். அப்போதும் அந்தப் பாட்டு கதைக்குள்ளேயே ஒரு பாட்டு. தொலைவிலிருப்பவர் காதில் விழட்டும் என்று அவள் எழுப்பும் குரல். உரையாடலை அவள் பாடவில்லை.

லாஸின் குறும்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியப் பாட்டென்றால் புரியாமலே தலையாட்டும் நாட்டவரைப் பார்த்து அவருக்கு எரிச்சல். அன்டோனியோ சிஃப்ராவின் இத்தாலியப் பாட்டுப் புத்தகத்திலிருந்த பொருளடக்கப் பட்டியலை எடுத்து, அந்தத் தலைப்புகளையே வரிசையாகக் கோத்து, உருக்கமாக ஒரு பாட்டு இசைத்தார். கேட்டவர்கள் நல்ல இத்தாலியப் பாட்டு என்றே ரசித்தார்கள். 1653இல் அதை அச்சிட்டுக் குட்டை உடைத்தார்.

3. அடைத்த கதவுகள்

1642இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. அரசனின் இசைக்குழு கலைந்தது. பிழைப்புக்காக இசைஞர்கள் வீடு வீடாகச் சென்று கற்பித்தார்கள். இது பாட்டுக்கு ஒரு வகையில் வரமாயிற்று. அரண்மனைக்குள் கையெழுத்துப்படிகளாகத் திரிந்த பாடல்களை, லண்டன் டெம்பிள் தேவாலய வாசலருகே கடை வைத்திருந்த ஜான் பிளேஃபோர்டு 1652 முதல் அச்சிட்டு விற்றார். தம் பாடல்கள் தம்மைக் கேளாமலே அச்சேறுகின்றன என்று குறைபட்டுக்கொண்டுதான் லாஸ் தம் தொகுதியை 1653இல் வெளியிட்டார்.

பேச்சு நாடகத்துக்குத் தடை, இசைக்கு இல்லை. இந்தச் சந்தில் புகுந்து வில்லியம் டேவனன்ட் 1656இல் ரட்லண்ட் மாளிகையில் ‘ரோட்ஸ் முற்றுகை’யை முழுவதும் பாட்டாக அரங்கேற்றினார். லாஸ், குக், லாக், கோல்மன், ஹட்சன் என ஐவர் இசைத்தார்கள். கோல்மனின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் நாயகி வேடத்தில் பாடினார். இசை முழுவதும் தொலைந்துபோயிற்று. ஆங்கில ஓபராவின் முதல் நாள் என்று இதைக் கொண்டாடுவோர் 1661இல் நடந்ததை மறந்துவிடுகிறார்கள். அரசன் திரும்பி, அரங்கு திறந்ததும், அதே டேவனன்ட் அதே நாடகத்தைப் பேச்சாக மாற்றியே நடத்தினார். பாட்டு அவருக்குத் தடையைத் தாண்ட ஓர் ஏணி, ஏறியதும் தள்ளிவிட்டார்.

4. மீண்ட அரசனும் கடன்பட்ட இசைஞரும்

பிரான்சில் அகதியாக இருந்த இரண்டாம் சார்லஸ், லூயி மன்னனைப் பார்த்து 24 வயலின்கள் கொண்ட குழுவை அமைத்தான். தாளம் போட முடியாத இசையை அவனால் பொறுக்க முடியாது என்று அக்கால இசை எழுத்தாளர் ராஜர் நார்த் எழுதி வைத்திருக்கிறார். பெல்ஹாம் ஹம்ஃப்ரி என்ற இளைஞனைப் பாடம் கற்கக் கடல் கடந்து அனுப்பியதும் அரசன்தான். ஆசைக்குக் குறைவில்லை, பணம்தான் இல்லை. அரண்மனை இசைஞர்களின் சம்பளம் ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது.

பாக்கிச் சம்பளம்தான் அரண்மனையையும் அரங்கையும் ஒட்டவைத்த பசை. 1660க்குப் பின் லண்டனில் உரிமம் பெற்ற நாடகக் குழுக்கள் இரண்டே: கில்லிகுரூவின் அரசர் குழு, டேவனன்டின் கோமகன் குழு. அரசனுக்கு வாசித்தவர்களே மாலையில் அங்கே வாசித்தார்கள். 1674இல் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ பாட்டும் பறக்கும் இயந்திரங்களுமாக மறுபிறவி எடுத்தபோது, 24 வயலின்களும் ஹார்ப்சிகார்டுகளும் தியோர்போக்களும் மேடைக்கும் பார்வையாளர்க்கும் நடுவே அமரும் என்று அச்சுப்பிரதியே சொல்கிறது. அரசனின் தேவாலயப் பாடகர்களும் அதில் பாட அனுமதி பெற்றார்கள்.

அந்த நாடகம் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தற்செயலன்று. 1611ஐ ஒட்டிய மூலத்திலேயே ஏரியல் என்ற ஆவிதான் பாடகன். கடலடியில் கிடக்கும் தந்தையைப் பற்றி அது பாடும் பாட்டுக்கு அரண்மனை லூட் கலைஞர் ராபர்ட் ஜான்சன் இட்ட மெட்டு, 1660 என்று ஆண்டு பொறித்த ஜான் வில்சனின் தொகுதியில் கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே பாட்டு ஆவிக்கும் கோமாளிக்கும் பித்துற்ற ஒஃபீலியாவுக்கும் உரியதாக இருந்தது. மறுமலர்ந்த அரங்கு அந்தப் பழைய பங்கீட்டையே பெரிதாக்கியது.

அரண்மனைக்குள் விதி மீறப்பட்டதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. 1683ஐ ஒட்டி ஜான் புளோ இசைத்த ‘வீனஸும் அடோனிஸும்’ முழுக்கவே பாட்டு. வீனஸாகப் பாடியவர் முன்னாள் நடிகையும் அரசனின் முன்னாள் ஆசைநாயகியுமான மேரி டேவிஸ். மன்மதனாகப் பாடியது அவருக்கும் அரசனுக்கும் பிறந்த சிறுமி. அதில் மன்மதன் குட்டி மன்மதர்களுக்கு எழுத்துக்கூட்டிச் சொல் கற்பிக்கும் காட்சியில், அரசவையினரின் கூலிக்காதலைக் குத்தும் ஒரு சொல்லே பாடமாகிறது. தகப்பனைப் பார்த்து மகள் பாடிய கேலி. இந்தப் படைப்பைப் பொது அரங்கில் யாரும் நடத்தியதாகத் தெரியவில்லை. மறுபடி நடந்தது 1684இல், செல்சியில் ஜோசையாஸ் பிரீஸ்ட் நடத்திய பெண்கள் பள்ளியில்.

5. யார் பாடுகிறார்?

5.1 பர்செலின் அரங்கு

ஹென்றி பர்செல் (1659–1695) பதினெட்டு வயதில் அரசனின் வயலின் குழுவுக்கு இசையமைப்பாளர். 1679இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபியின் ஆர்கன் கலைஞர். 1680இல் முதல் நாடக இசை எழுதியவர், 1690 வரை அரங்குப் பக்கம் அதிகம் போகவில்லை. அந்த ஆண்டு மூன்றாம் வில்லியம் அரண்மனை இசைக்குழுவைச் சுருக்கினான். பர்செல் வருமானம் தேடி அரங்குக்கு வந்தார். எஞ்சிய ஐந்தாண்டில் கொட்டித் தீர்த்தார். அவர் கைபட்ட நாடகங்கள் நாற்பதுக்கு மேல். மன்னனின் சிக்கனம் இசை வரலாற்றுக்கு இவ்வளவு நன்மை செய்தது அரிது.

இவற்றில் பெரியவை நான்கு: ‘டயோக்ளீஷியன்’ (1690), ‘ஆர்தர் மன்னன்’ (1691), ‘தேவதை அரசி’ (1692), ‘இந்திய அரசி’ (1695). பேச்சு நாடகத்தின் நடுவே நீண்ட இசைக் காட்சிகளைப் பொருத்திய கலப்பு வடிவம் இது. இவ்வடிவத்தை நார்த் விரும்பவில்லை: இசைக்கு வந்தவருக்குப் பேச்சு தொல்லை, நாடகத்துக்கு வந்தவருக்குப் பாட்டு தொல்லை என்பது அவர் கட்சி. இதழாசிரியர் பீட்டர் மோட்டோ 1692 தொடக்கத்தில் எதிர்த்தரப்பை எழுதினார்: இடைவிடாப் பாட்டை ஆங்கிலேயரின் இயல்பு ஏற்காது என்று அனுபவம் கற்பித்துவிட்டது. மோட்டோ பிரான்சிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு ஒப்பிடத் தெரிந்திருந்தது.

‘ஆர்தர் மன்ன’னில் ஆர்தர் ஒரு சுரமும் பாடுவதில்லை. காதலி எம்மலினும் இல்லை. பாடுபவை பிலிடல், கிரிம்பால்டு என்ற ஆவிகளும் பலிகொடுக்கும் பூசாரிகளும் இடையர்களும். சாக்சனியரின் மந்திரவாதி, காதலின் சூடு எத்தகையது என்று எம்மலினுக்குக் காட்ட ஒரு பனிக்காட்சியை வரவழைக்கிறான். மன்மதன் அழைக்கிறான், உறைந்த பூமிக்கடியிலிருந்து குளிரின் தேவதை எழுகிறது. நடுங்கும் அந்தக் கீழ்க்குரலுக்குப் பர்செல் எழுதிய ஒவ்வொரு சுரமும் துண்டுதுண்டாக அதிர்கிறது. சுரக்கூட்டுகள் அரைச்சுர அடிகளில் திரிந்து மேலேறுகின்றன. லுல்லியின் ‘ஈசிஸ்’ (1677) ஓபராவில் நடுங்கும் மக்கள் கூட்டம் ஒன்று வரும். அதன் சாயல் இருக்கலாம். ஆனால் லுல்லியின் நடுக்கம் ஒரு தந்திரம். பர்செலுடையது ஒரு வாதை. ‘மறுபடி உறைந்து சாக விடு’ என்று கேட்கும் அந்த உயிருக்குக் கதையில் வேறு வேலை எதுவுமில்லை. வந்தது, நடுங்கியது, போயிற்று. நாடகத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது அதுவே.

தம் செய்யுளை இசைக்காக முரடாக்கவும் நெரிக்கவும் வேண்டியிருந்ததாக, இந்நாடகத்தை எழுதிய டிரைடன் அதன் அச்சுநூலின் முகப்பில் முணுமுணுக்கிறார். முணுமுணுத்தாலும் தம் கலை இங்கே பர்செலுடையதற்குக் கீழ்ப்பட வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். இங்கிலாந்தின் முதற்கவிஞர் இதைச் சொல்ல எவ்வளவு மனம் கசந்திருக்கும்!

5.2 பேய் எழுப்பும் பாட்டு

டிரைடனும் நத்தானியல் லீயும் எழுதிய ‘ஈடிபஸ்’ நாடகம் 1692ஐ ஒட்டி மீண்டும் மேடையேறியபோது பர்செல் அதற்குச் சில பாடல்கள் இட்டார். கொலையுண்ட மன்னன் லாயஸின் ஆவியை எழுப்பப் பூசாரிகள் பாடும் இடம். அங்கே வரும் தனிப்பாட்டு, இசை சிறிது நேரம் துயரை மறக்கச் செய்யும் என்கிறது.

இதன் அடிக்குரலில் மூன்று அளவு நீளமுள்ள ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, கிரவுண்ட் என்பார்கள். செக்கைச் சுற்றும் மாடுபோல் அடிக்குரல் சுற்றிக்கொண்டேயிருக்க, குரல் மட்டும் கட்டவிழ்ந்து திரியும். பர்செலின் தொடர் படிப்படியாக, இடறி இடறி மேலேறுவது. பூமிக்கடியிலிருந்து ஒன்று எழுந்துவர வேண்டிய காட்சிக்கு அது எவ்வளவு பொருத்தம்! வேதனை தணிவதைச் சொல்லுமிடத்தில் குரல் முதலில் அடிக்குரலோடு மோதி முரணாக ஒலித்து, பிறகு மெல்லப் பொருந்துகிறது. தணிவு என்பது சொல்லில் இல்லாமல் செவியில் நிகழ்கிறது. பழிவாங்கும் தேவதையின் தலையிலிருந்து பாம்புகள் உதிர்வதைச் சொல்லும்போது, விழுவதைக் குறிக்கும் ஒற்றைச் சொல் தாளத்துக்கு வெளியே, இடைவெளி விட்டு விட்டு, மீண்டும் மீண்டும் விழுகிறது. பாம்புகளை எண்ணிவிடலாம்.

நாடகத்தை இன்று யாரும் நடத்துவதில்லை. பாட்டு உலகெங்கும் கேட்கிறது. ஆவி எழுந்ததா இல்லையா என்பது பாடுபவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையில்லாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது.

5.3 டைடோ: விதிவிலக்கும் அதன் கதியும்

‘டைடோவும் ஈனியஸும்’ முழுவதும் பாட்டு, அரசியே பாடுகிறாள். 1689 வாக்கில் அது நடந்ததாக நமக்குத் தெரிந்த இடம், புளோவின் நாடகம் நடந்த அதே பிரீஸ்ட் பள்ளி. டைடோ சாகுமுன் பாடும் புலம்பலில் கிரவுண்ட் ஐந்து அளவு நீளம். ஜி சுரத்திலிருந்து அரையரைச் சுரமாக டி வரை இறங்கும். பதினொரு முறை வருகிறது. முதல் முறை கருவிகள் மட்டும். கடைசி இரண்டு முறை அவள் குரல் அடங்கிய பின். இடையில் குரலின் வாக்கியங்கள் கிரவுண்டின் முடிவோடு ஒத்து முடிவதில்லை. அடிக்குரல் முடியும்போது அவள் நடுவில் இருக்கிறாள். அவள் மூச்சு விடும்போது அது அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டது. விதியின் வேகத்துக்கும் மனிதரின் வேகத்துக்கும் உள்ள பிசகை இதைவிடக் கச்சிதமாக யாரும் எழுதவில்லை.

ஆனால் லண்டன் அரங்கு இதை என்ன செய்தது? 1700இல் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில், ஷேக்ஸ்பியரின் ‘அளவுக்கு அளவு’ நாடகத்தைத் திருத்தி நடத்தியபோது, டைடோவைத் துண்டுகளாக்கிக் காட்சிகளுக்கிடையே கேளிக்கையாகச் செருகினார்கள். ஆங்கிலத்தில் எழுந்த மிகச் சிறந்த ஓபராவும் பேச்சுக்கு நடுவே வரும் பாட்டாக மாறினால்தான் பொது மேடை ஏற முடிந்தது. விதி அவ்வளவு வலிது.

5.4 பித்தின் பாட்டு

புத்தி தெளிந்த நாயகி பாடலாகாது, பித்துற்றால் பாடலாம். இந்தத் தளர்வு நடிகைகளுக்குப் பொற்சுரங்கமாயிற்று. பித்தர் பாட்டில் மனநிலை நொடிக்கு நொடி மாறும். அதற்கேற்பத் தாளமும் சுரநிலையும் தாவும். முன் அறிவிப்பின்றிச் சிரிப்பு, உறுமல், தாலாட்டு. லாஸின் பேச்சுப் பாட்டும் நடன மெட்டும் ஒரே பாடலுக்குள் மோதிக்கொள்ள இது தோதான களம்.

1694இல் டர்ஃபியின் ‘டான் கிஹோட்டே’ இரண்டாம் பகுதியில் ஜான் எக்கிள்ஸ் இசைத்த எரியும் பித்துப் பாட்டை ஆன் பிரேஸ்கெர்டில் பாடி லண்டனைக் கிறங்கவைத்தார். 1695 நவம்பரில் அதன் மூன்றாம் பகுதிக்குப் பர்செல் பதில் கொடுத்தார். கிஹோட்டேயை மயக்க ஆல்டிசிடோரா என்ற பெண் பித்துப் பிடித்தவளாக நடிக்கிறாள். பாடியது இளம் லெட்டிஷியா கிராஸ். முகம் சுளித்த பித்து, களிப்புப் பித்து, சோகப் பித்து, விசித்திரப் பித்து, முற்றிய பித்து என ஐந்து படிகள். நோயில் கிடந்தபடி அவர் இசைத்த கடைசிப் பாடல் என்று அச்சுத்தாள் குறிப்பிட்டது. நவம்பர் 21 அன்று பர்செல் இறந்தார், வயது 36.

6. அரசியும் பழைய மெட்டும்

அரண்மனை முற்றிலும் வறண்டுவிடவில்லை. அரசி இரண்டாம் மேரியின் பிறந்தநாளான ஏப்ரல் 30க்கு 1689 முதல் 1694 வரை பர்செல் ஆண்டுக்கொரு வாழ்த்திசை எழுதினார். வரிகள் பெரும்பாலும் வெறும் முகத்துதி. இசைக்கு அந்தக் கூச்சமில்லை.

ஜான் ஹாக்கின்ஸ் 1776இல் எழுதிய வரலாற்றில் ஒரு கதை வருகிறது. ஒரு பிற்பகலில் அரசி முன் கோஸ்லிங் என்ற கீழ்க்குரல் பாடகரும், லூட் மீட்டிப் பாடும் அரபெல்லா ஹன்ட்டும் பர்செலின் பாடல்களைப் பாடினார்கள்; பர்செல் ஹார்ப்சிகார்ட் வாசித்தார். அலுத்துப்போன அரசி, தெருவில் பாடும் ஸ்காட்லாந்து மெட்டு ஒன்றைப் பாடச் சொன்னாள். ஹன்ட் லூட்டோடு பாட, பர்செல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த பிறந்தநாள் இசையில், 1692இல், அந்தத் தெருமெட்டையே ஒரு பாட்டின் அடிக்குரலாக வைத்து மேலே தம் மெட்டை ஓடவிட்டார். கதை நடந்ததோ இல்லையோ, அந்தப் பாட்டின் அடிக்குரல் அந்த மெட்டுதான், இசைத்தாள் சாட்சி. எந்தத் தொடரையும் கீழே வைத்து மேலே சுதந்திரமாக இயங்குவது அவர் சுபாவம் என்பதும் விளங்குகிறது.

7. பாடியவர்கள்

பாடகரும் நடிகரும் வெவ்வேறு என்பதால் கலைஞர்கள் இரண்டு வகை. தொழில்முறைப் பாடகர்கள் ஆவியாகவும் பூசாரியாகவும் வந்தார்கள். நடிப்போடு கொஞ்சம் குரலும் வாய்த்தவர்களுக்குச் சிறு பாட்டுகள் எழுதப்பட்டன. எக்கிள்ஸ் இரண்டாம் வகையினரின் குருநாதர். 1695இல் பெட்டர்டன் தலைமையில் மூத்த நடிகர்கள் பிரிந்து லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸுக்குப் போனபோது, பிரேஸ்கெர்டிலும் எக்கிள்ஸும் உடன் சென்றார்கள். பிரேஸ்கெர்டிலின் குரல் எல்லையை எக்கிள்ஸ் விரல்நுனியில் வைத்திருந்தார். அவர் எழுதிய மெட்டுகள் பாடகியைவிட நடிகைக்கு ஏற்றவை. பர்செலோடு ஒப்பிட்டு அவரைக் குறைத்துப் பேசுவது எளிது. ஆனால் கைக்குக் கிடைத்த குரலுக்குத் தைப்பதும் ஒரு வித்தை.

நார்த் பதிவுசெய்த காட்சி ஒன்று அக்காலப் பாடகியரின் சங்கடத்தைக் காட்டுகிறது. ‘ஆர்தர் மன்ன’னில் மன்மதனாக வந்த சார்லட் பட்லர், குளிரின் தேவதையை அழைக்கும்போது அது எழும் இடத்தை நோக்கித் திரும்பி, பார்வையாளருக்கு முதுகு காட்டிப் பாடினார். வாய் கோணுவதைப் பார்க்க எதிரே அழகு ரசிகர்கள் இல்லாததால், குரலை முழுதாகத் திறந்துவிட்டார். அதுபோல் அவர் பாடி நார்த் கேட்டதேயில்லையாம்.

8. ஒற்றைத் தாள்

கதையிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய பாட்டு என்பதால் அச்சகத்துக்கு அது உகந்த சரக்கு. 1690களில் தாமஸ் கிராஸ் செப்புத்தகட்டில் செதுக்கிய ஒற்றைத் தாள் பாட்டுகள், நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைக்கு வந்தன. யார் பாடியது, எந்த நாடகம் என்று தலைப்பில் இருக்கும். குரல், அடிக்குரல், கீழே புல்லாங்குழலுக்கு ஏற்ற சுரநிலையில் அதே மெட்டு. வாங்கியவர் வீட்டில் மகள் பாடலாம், மகன் ஊதலாம். மோட்டோவின் மாத இதழும் இதழுக்கு இதழ் பாட்டு வெளியிட்டது.

பர்செலின் மனைவி பிரான்சிஸ் முன்னின்று, 1698இல் அவருடைய பாடல் தொகுதி வெளிவந்தது; இரண்டாம் தொகுதி 1702இல். மாறாக, ‘தேவதை அரசி’யின் முழு இசைப்படியை நாடகக் குழுவே தொலைத்துவிட்டது. கண்டெடுத்துத் தருவோர்க்கு 20 கினி என்று விளம்பரம் செய்தும் பயனில்லை. 3000 பவுண்டு செலவில் எழுந்த அந்தக் காட்சியின் இசை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் லண்டன் ராயல் இசைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகள் அதன் தனிப்பாடல்கள் மட்டும் வெளியே உலவின.

9. பிரிவும் கலப்பும்

1700இல் பிரபுக்கள் சிலர் 200 கினி திரட்டி ஒரு போட்டி அறிவித்தார்கள். காங்கிரீவ் எழுதிய ‘பாரிஸின் தீர்ப்பு’ என்ற மாஸ்க்குக்கு யார் சிறப்பாக இசைப்பார்? 1701இல் டார்செட் கார்டனில் நான்கு படைப்புகளும் அரங்கேறின. முதல் பரிசு இளைஞர் ஜான் வெல்டனுக்கு, எக்கிள்ஸ் இரண்டாவது, பர்செலின் உறவினர் டேனியல் மூன்றாவது, காட்ஃப்ரீட் ஃபிங்கர் நான்காவது. ஃபிங்கர் மனம் வெறுத்து நாட்டைவிட்டே போய்விட்டார். முழுதும் பாட்டாலான நாடகத்துக்கு ஆங்கிலேயர் பழகத் தொடங்கிய நேரம் அது. காங்கிரீவும் எக்கிள்ஸும் அடுத்து ‘செமிலி’யை எழுதினார்கள்.

அது மேடை காணவில்லை. 1705இல் ‘ஆர்சினோயி’ இத்தாலிய பாணியில் வந்து வசூலை அள்ளியது. 1707 டிசம்பர் 31 அன்று அரண்மனை நிர்வாகத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார்: ஓபரா ஹேமார்க்கெட் அரங்கில் மட்டும், டுரூரி லேனில் இசையில்லாத நாடகம் மட்டும். நூறாண்டுக் கலப்பு வடிவத்தை ஒரே தாள் அறுத்துப் பிரித்தது. இத்தாலியக் குரல்கள் வந்தன. 1711இல் ஹாண்டலின் ‘ரினால்டோ’ வந்தது. அரசனின் இசைத் தலைவராக இருந்த எக்கிள்ஸ் தேம்ஸ் கரையிலுள்ள ஹாம்டன் விக்குக்குக் குடிபெயர்ந்து மீன்பிடிப்பில் நாளைக் கழித்தார். காங்கிரீவின் ‘செமிலி’ வரிகளை 1744இல் ஹாண்டல் எடுத்துக்கொண்டார்.

1728 ஜனவரி 29 அன்று லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஜான் கேயின் ‘பிச்சைக்காரன் ஓபரா’ திரை விலகியது. 69 பாடல்கள், எல்லாம் ஊரறிந்த பழைய மெட்டுகளுக்குப் புதுச் சொற்கள். இசையமைப்பாளர் பெப்புஷ் அவற்றுக்கு அடிக்குரல் சேர்த்தார். தெருப்பாட்டுகளோடு, பர்செலின் ‘டயோக்ளீஷியன்’ காதல் பாட்டின் மெட்டும் அதில் உண்டு. 1695இல் காங்கிரீவின் ‘காதலுக்குக் காதல்’ நாடகத்தில் கடலோடி பென் பாடுவதற்காக எக்கிள்ஸ் இட்ட மெட்டும் உண்டு. அதில் இப்போது வழக்கறிஞர்களின் திருட்டைச் சாடினார்கள். முதல் பருவத்தில் 62 முறை நடந்தது. கதாநாயகன் மக்கீத்தாக நடித்த தாமஸ் வாக்கர் பாடகரல்லர், நடிகர். பேசியவரே பாடினார், பாடியவரே பேசினார். பேசுபவன் வழிப்பறிக்காரனாக இருந்ததால் யாரும் தடுக்கவில்லை.